மலைப்பக்கம், மூணாவது சந்து

சினேகாவுக்கு வயது பதினொன்றேகால். இந்த வயதுக்காரர்களின் வாழ்க்கையை எழுதுவதில் பல சௌகரியங்கள் உண்டு. வகித்த பதவிகளின் பட்டியல் கிடையாது. வாங்கிய விருதுகள் என்று பார்த்தால், இரண்டாம் வகுப்பில் எலுமிச்சைப்பழமும் ஸ்பூனும் வைத்து ஓடியதற்கு ஒரு சோப்பு டப்பா. ஊர் மாறியது ஒரே ஒரு முறை. அதுவும் அடி அண்ணாமலையிலிருந்து வேங்கிக்காலுக்கு, எட்டு கிலோமீட்டர். அமெரிக்காவுக்குப் போனவர்கள் மாதம் தவறாமல் ஊருக்குப் போன் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இவள் இந்த எட்டு கிலோமீட்டருக்குள் மணிமொழியைத் தொலைத்துவிட்டாள்.

மணிமொழி யார் என்று சொல்வதற்கு முன்னால், வீடு எப்படி இருந்தது என்று சொல்லிவிட வேண்டும்.

அடி அண்ணாமலையில் அவர்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் மலை. மறுபக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட கொல்லை. ஆகவே அந்தத் தெருவில் திசைகள் மொத்தமே இரண்டுதான்: மலைப்பக்கம், கொல்லைப்பக்கம். கிழக்கு மேற்கு என்பதெல்லாம் பத்திரம் எழுதுகிறவர்கள் சமாச்சாரம். இடது வலது போலீஸ்காரர்கள் சமாச்சாரம். "ஏய், மலைப்பக்கம் நவுந்து உக்காரு" என்பார்கள். "சொம்பு கொல்லப்பக்கமா கீது பாரு" என்பார்கள். கண்ணில் தூசி விழுந்து எந்தக் கண் என்று கேட்டால், "மலைப்பக்கக் கண்ணு" என்று பிள்ளை அழும். அதை வெளிச்சத்துக்குத் திருப்பி நிறுத்தினால் தூசி கண் மாறிவிடும்.

வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த வாத்தியார் ஒருவர் முதல் நாள் பிரேயரில், "இடது கையைத் தூக்குங்க" என்றார். பாதிப் பிள்ளைகள் கையைத் தூக்குவதற்கு முன் மலையைத் திரும்பிப் பார்த்தன. அவர் பதறிப்போய், ஐந்தாம் வகுப்புக்குக் கை தெரியவில்லை என்று தலைமை ஆசிரியரிடம் முறையிட்டார். தலைமை ஆசிரியர் உள்ளூர்க்காரர். "மலைப்பக்கக் கைன்னு சொல்லிப் பாருங்களேன் சார், டக்குனு தூக்குவாங்க" என்றார்.

மலை கிழக்கே நின்றதால் சூரியனும் அங்கிருந்துதான் வரும். மலையை ஏறி முடித்து அது எட்டிப் பார்க்கவே ஏழரை ஆகிவிடும். விடிந்தால் மலைப்பக்கக் கதவைத் திற, வெயில் ஏறினால் மலைப்பக்கக் கதவைச் சாத்து. சினேகாவைப் பொறுத்தவரை மலை, சூரியன், கதவு மூன்றும் ஒரே பக்கத்து ஆட்கள். அந்தக் கதவைத் திறந்தால் ஒரு குட்டைச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் மணிமொழி.

மணிமொழி இவளைவிடப் பதினாலு நாள் மூத்தவள். அந்தப் பதினாலு நாளை வைத்துக்கொண்டு பதினோரு வருடம் அதிகாரம் செய்தாள். எலந்தைப் பழத்தில் பெரியது அவளுக்கு. ஊஞ்சலில் முதல் ஆட்டம் அவளுக்கு. "நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் இந்த ஊர்ல இருக்கேன், தெரியுமா?" என்பாள். யார் நடந்தாலும் யார் பேசினாலும் அப்படியே செய்து காட்டுவாள். தலைமை ஆசிரியர் மூக்குப்பொடி போடுவதை அவள் செய்து காட்டினால், தலைமை ஆசிரியருக்கே தும்மல் வரும். அவளுடைய அம்மா சந்திரம்மாள் கொல்லை வேலைக்குப் போகிறவள். அப்பா மணிவேல் முக்கால் ஏக்கரில் மல்லாட்டையும் மீதி நேரத்தில் அரசியலும் விவசாயம் செய்பவர்.

சினேகாவின் அப்பா அறிவுச்செல்வன் கலெக்டர் ஆபீசில் உதவியாளர். கலெக்டருக்கு உதவுகிறவர் என்று ஊர் அதற்கு அர்த்தம் செய்துகொண்டிருந்தது. அவரும் மறுத்ததில்லை. ஆபீஸ் வேங்கிக்காலில். தினமும் மலையை ஒட்டிய பாதையில் பைக்கில் போய் வந்தார். பௌர்ணமி அன்று பாதையில் வண்டி விட மாட்டார்கள். டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு போகிற லட்சம் பேர் நடுவில் ஷூ போட்டுக்கொண்டு நடப்பார். போகும்போதாவது கூட்டம் போகிற திசை. அதனால் பக்தர். சாயங்காலம் திரும்பும்போது எதிர்த்திசையில் வருகிற பாவி. "யோவ், ரிவர்ஸ்ல போறியே, பாவம் புடிக்கும்யா" என்று ஒருவர் மாறி ஒருவர் சொல்லி அனுப்புவார்கள். "நான் சாமியச் சுத்தலீங்க, வீட்டுக்குப் போறேன்" என்று ஒவ்வொருவரிடமும் விளக்கியதில் மனிதர் இளைத்துப்போனார்.

"ஆபீசுக்குப் பக்கத்துலயே போயிடலாம்" என்று அவர் சொன்னதற்கு இதுதான் காரணம். சொல்லாத காரணம், உடன் வேலை பார்க்கிற மூன்று பேர் ஏற்கெனவே அங்கே மனை வாங்கிவிட்டார்கள். சினேகாவின் அம்மா மதிவதனி டைல்ஸ் போட்ட சமையற்கட்டு என்ற ஒரே நிபந்தனையில் சம்மதித்தாள். சினேகாவை யாரும் கேட்கவில்லை. அவளும், கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருக்கவில்லை. லாரி மாதிரி ஏதோ வரும், அதில் ஏறிப் போகலாம் என்பது வரைக்கும் அவளுக்கு அது நல்ல செய்தியாகவே இருந்தது.

மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை குட்டியானை வண்டி வந்தது. பீரோ ஏறியது, கட்டில் ஏறியது, மிக்சி மதிவதனியின் மடியில் ஏறியது. மணிமொழி குட்டைச் சுவரின் மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே பார்த்தாள். உதவிக்கு வரவில்லை.

"இன்னாடி, பேச மாட்டியா?" என்றாள் சினேகா.

"வேங்கிக்கால்காரிங்க கிட்ட நான் பேசறதில்ல."

"போடி. எட்டு கிலோமீட்டருதான். அப்பா சொன்னாரு."

"எட்டு கிலோமீட்டர் நடந்தா கால் போயிடும்டி."

"நீ ஏன் நடக்கற? பஸ்ல வா. ஜூலைல என் பொறந்த நாளு இல்ல? அதுக்கு வா."

"வந்தா?"

"வந்தா கேக்கு. மொத துண்டு உனக்குத்தான்."

மணிமொழி யோசித்தாள். "சத்தியம் பண்ணு."

சினேகா சத்தியம் செய்தாள். மணிமொழியும் வருவதாகச் சத்தியம் செய்தாள். இரண்டு சத்தியங்களும் காப்பாற்றப்பட்டிருக்க வேண்டியவைதான். இரண்டு பேரும் யோக்கியர்கள்.

வேங்கிக்காலில் அவர்கள் தெருவுக்கு ஆபீசர்ஸ் நகர் விரிவு இரண்டு என்று பெயர். ஆபீசர் என்று பார்த்தால் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் இருந்தார். மற்றவர்கள் எல்லாம் விரிவு. வீட்டுக்கு எதிரே மூன்று மாடிக் கட்டடம் ஒன்று நெஞ்சை நிமிர்த்தி நின்று, அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாமல் மறைத்தது. அந்தப் பக்கம் இருந்தது மலை. எட்டு கிலோமீட்டர் தள்ளி வந்ததில் மலை இப்போது மேற்கே போயிருந்தது. சரியாகச் சொன்னால் இவர்கள்தான் போயிருந்தார்கள். மலை அப்படியெல்லாம் எங்கும் போகிற ஆள் இல்லை.

முதல் நாள் காலை ஆறு மணிக்கே சமையற்கட்டுக் கதவு வழியாக வெயில் வந்து சினேகாவின் முகத்தில் அடித்தது.

"அப்பா, இங்க சூரியன் சீக்கிரமா வருதே?"

"கலெக்டர் ஆபீஸ் பக்கத்துல இருக்குதுல்ல? லேட்டா வந்தா மெமோ" என்றார் அறிவுச்செல்வன். அதிலிருந்து பத்து நாள் சந்தோஷமாக இருந்தார்.

"சிரிச்சது போதும், அந்த மலப்பக்கக் கதவச் சாத்துங்க, கண்ணு கூசுது" என்றாள் மதிவதனி.

அவ்வளவுதான் நடந்தது. இதற்காக யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றவில்லை. வெயில் வருகிற கதவுக்கு மலைப்பக்கக் கதவு என்று பெயர். பழைய வீட்டில் அதற்கு வேறு பெயர் இருந்ததில்லை. எனவே புது வீட்டிலும் அது மலைப்பக்கக் கதவு ஆயிற்று. அதை ஒட்டிய அலமாரி மலைப்பக்க அலமாரி. குழாய் மலைப்பக்கக் குழாய். மலைக்குத் தகவல் சொல்லாமலே அதைத் தூக்கி எதிர்ப்பக்கத்தில் வைத்துவிட்டார்கள். மூன்று பேரும் ஒரே தப்பைச் செய்ததால் வீட்டுக்குள் யாருக்கும் எதுவும் தொலையவில்லை. உப்பு டப்பாகூட.

பிறந்த நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் சினேகா அம்மாவின் போனிலிருந்து மணிவேலின் பட்டன் போனுக்குப் பேசினாள். அதில் வரைபடம் எல்லாம் அனுப்ப முடியாது. வாயால்தான் வழி சொல்ல வேண்டும்.

"டவுனுக்கு வந்து அங்கேந்து வேற பஸ்ஸு. கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப்புல எறங்கு. எறங்கனதும் மலப்பக்கம் ஒரு ரோடு போவும்."

"மலப்பக்கம்."

"ஆமா. அதுல மூணாவது சந்து. சந்துக்குள்ள வந்தா பச்ச கேட்டு."

"மலப்பக்கம், மூணாவது சந்து, பச்ச கேட்டு" என்று மணிமொழி ஒப்பித்தாள். "எத்தினி மணிக்கு?"

"நாலுக்கு. லேட்டா வந்த, கேக்கு காலி."

"நான் வர்றதுக்குள்ள வெட்டிப் பாரு. தெரியும் சேதி."

"வெட்ட மாட்டன்டி. நீ வாடி மொதல்ல."

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு எதிர் கட்டடத்துப் பத்மஜா வந்தாள். புதுப் பள்ளியில் சினேகாவோடு ஆறாம் வகுப்பு. தெருப் பிள்ளைகள் இன்னும் நாலைந்து பேர். தாசில்தார் தன் பேரனை அனுப்பி, எத்தனை மணிக்கு அழைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுத்து மூலமாகக் கேட்டிருந்தார். கேக் மேசை மேல் இருந்தது. சினேகா கேட்டருகே இருந்தாள்.

நாலரை ஆயிற்று. ஐந்து ஆயிற்று. "பஸ்ஸு கெடைச்சிருக்காது" என்றார் அப்பா. "ஞாயித்துக்கெழமலதான் சந்திரம்மாவுக்கு வேல ஜாஸ்தி" என்றாள் அம்மா. போன் செய்து பார்த்தார்கள். மணிவேல் எடுத்தார். கொல்லையில் இருந்தார். போன் அவரிடம்தான் இருந்தது. "அவங்க கெளம்பினாங்களா கெளம்பலையா எனக்குத் தெரியலப்பா, நான் காலைலயே இங்க வந்துட்டேன்" என்றார். பெரியவர்களுக்கு இதுவே போதுமானதாக இருந்தது. கேக்கின் மேலிருந்த கிரீம் வியர்க்க ஆரம்பித்ததும், ஐந்தே முக்காலுக்கு மதிவதனி மெழுகுவர்த்தியைப் பற்றவைத்துவிட்டாள்.

"யாருக்கு வெயிட் பண்ற? உன் பெஸ்ட் பிரெண்டா?" என்று கேட்டாள் பத்மஜா. கேட்டதில் ஒன்றும் விஷமம் இல்லை. ஆனால் தெருப் பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"பிரெண்டெல்லாம் இல்ல" என்றாள் சினேகா. "எங்க பழைய வீட்டாண்ட இருந்தவங்க. சும்மா வரேன்னாங்க."

சொல்லி முடித்ததும் முதல் துண்டை எடுத்துப் பத்மஜாவின் வாயில் வைத்தாள். பத்மஜாவுக்கு முட்டை போட்ட கேக் ஆகாது. மரியாதைக்காகப் பாதி தின்றாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் அம்மாவின் போனில் மணிவேல் பெயர் வந்தது. சினேகா அதைப் பார்த்தபடியே நின்றாள். அது அடித்து அடித்து ஓய்ந்தது. செவ்வாய்க்கிழமையும் அப்படியே. மூன்றாம் நாள் மதிவதனி மாவு பிசைந்த கையோடு ஓடிவந்து எடுத்துவிட்டாள்.

"மணிமொழிடி. பேசு."

"நான் தூங்கறேன்னு சொல்லு" என்றாள் சினேகா. மெதுவாகச் சொல்ல வேண்டிய வாக்கியம் அது. கோபத்தில் உரக்க வந்துவிட்டது.

மதிவதனிக்கு மாவுக்கை. யோசிக்க நேரமில்லை. "அவ தூங்கறாளாம்மா" என்றாள். தூங்குகிறவளே சொல்லி அனுப்பியது போல அந்த 'ளாம்' வந்து விழுந்தது. "சரிங்க அத்தை" என்று அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. ஏன் வரவில்லை என்று கேட்க வாயெடுத்த மதிவதனி, "வெச்சிட்டாளே" என்று போனைப் பார்த்துவிட்டு மாவுக்குத் திரும்பினாள்.

நாலாவது நாள் எடுத்துப் பேசிவிடுவது என்று சினேகா முடிவு செய்திருந்தாள். மூன்று நாள் தண்டனை போதும் என்று அவளாகவே ஒரு சட்டம். நாலாவது நாள் பள்ளியிலிருந்து வந்ததும் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். போன் இரண்டு முறை அடித்தது. ஒன்று கடன் வேண்டுமா என்று கேட்கிற பெண். இன்னொன்று கேஸ் சிலிண்டர்.

ஐந்தாவது நாளும் உட்கார்ந்தாள். அடுத்த வாரமும்.

தானே கூப்பிட்டால் என்ன என்று நமக்குத் தோன்றும். பதினோரு வயதில் அது தோன்றாமல் இல்லை. வராதவள் அவள், கூப்பிட வேண்டியவளும் அவள் என்று கணக்கு நேராக இருந்தது. அந்தக் கணக்கோடு ஒரு மாதம் போயிற்று. சினேகா சைக்கிள் கற்றுக்கொண்டாள். பத்மஜா மாதிரி 'ஆக்சுவலி' சொல்லக் கற்றுக்கொண்டாள்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு திங்கட்கிழமை. திங்கட்கிழமைகளில் கலெக்டர் ஆபீசில் ஜனங்கள் மனு கொடுப்பார்கள். அன்று சாயங்காலம் அறிவுச்செல்வன் ரொம்ப உற்சாகமாக வீட்டுக்கு வந்தார். டீ குடிக்கும்போதே தொடங்கிவிட்டார்.

"நம்ம மணிவேலு இன்னிக்கி மனு குடுக்க வந்திருந்தான். கொல்லைக்குப் போற வழிய யாரோ மறிச்சிட்டாங்களாம். என்னப் பாத்ததும் 'சார்'னு எழுந்து நிக்கறான்பா! சின்ன வயசுல என் கூட ஓணான் அடிச்சவன்."

"நீங்க உக்காருன்னு சொல்லலியா?"

"சொன்னேன், கொஞ்ச நேரம் கழிச்சி" என்றார். "அது கெடக்கட்டும், விஷயத்தக் கேளு. சினேகா பொறந்த நாளுக்கு சந்திரம்மாவும் அந்தப் பொண்ணும் வந்தாங்களாம்."

"எங்க வந்தாங்க? வரவே இல்லியே."

"மலப்பக்கம் போயிட்டாங்களாம்!" அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பஸ்ஸ விட்டு எறங்கி, மலை எங்க கீதுன்னு பாத்து, அதப் பாத்தே நடந்திருக்காங்க. மூணாவது சந்தும் இருந்துதாம். பச்ச கேட்டும் இருந்துதாம். தட்டனா ஒரு நாயி. கலெக்டர் ஆபீஸ்ல வேல செய்ற அறிவுச்செல்வன் வீடு எதுன்னு ஒருத்தரக் கேட்டிருக்காங்க. அவரு, 'அம்மா, இங்க தண்ணி கேன் போடறவனத் தவிர எல்லாரும் அங்கதான் வேல செய்றாங்க, செக்‌ஷன் சொல்லுங்க'ன்னாராம். செக்‌ஷனுக்கு அவங்க எங்க போவாங்க?"

"அய்ய!" மதிவதனியும் சிரித்தாள். "மலப்பக்கம்னா மலப்பக்கமாவா போவாங்க? நம்ம அடுப்படிப் பக்கம் இல்ல அது?"

சொன்னபிறகுதான் அவளுக்கே அந்த வாக்கியம் காதில் விழுந்தது. சமையற்கட்டுக் கதவைப் பார்த்தாள். பிறகு எதிர்ப்பக்கம் வாசலைப் பார்த்தாள். மறுபடி சிரித்தாள். அறிவுச்செல்வன் அதற்கும் சேர்த்துச் சிரித்தார். "ஆறு மணி வரைக்கும் சுத்தினாங்களாம்பா. வீடு வீடா கேட்டத் தட்டி."

சினேகா எழுந்து வெளியே போனாள். தெருமுனை வரை போய், மூன்று மாடிக் கட்டடத்தைத் தாண்டி நின்றாள். வேங்கிக்கால் வந்து நாலு மாதத்தில் எத்தனையோ முறை அந்த முனையைக் கடந்திருக்கிறாள். அங்கிருந்து மலை தெரியும் என்பதும் தெரியும். ஆனால் மலை தெரிகிற பக்கம்தான் மலைப்பக்கம் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. சூரியன் சிவப்பாக மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குத் தெரிந்த சூரியன் அங்கிருந்து கிளம்புகிற சூரியன். அங்கே போய்ப் படுக்கிற சூரியனை அவள் கவனித்ததே இல்லை.

உள்ளே வந்து, "ஞாயித்துக்கெழம என்ன அடி அண்ணாமலைக்கு இட்டுனு போங்க" என்றாள்.

"எதுக்குமா?"

"போவணும்."

அந்த வாரம் முழுக்க, சொல்ல வேண்டியதை அவள் மனசுக்குள் எழுதி எழுதித் திருத்தினாள். தப்பு தன்மேல் முழுசாக இல்லை என்பது அவளுக்குப் பெரிய ஆறுதல். பாதி சூரியன் மேல், கால்வாசி கட்டடத்தின் மேல், கொஞ்சம் அம்மாவின் மேல். மணிமொழி முதலில் திட்டுவாள். தலையில் ஒன்று வைப்பாள். அப்புறம் அந்த நாய் குரைத்ததையும் செக்‌ஷன் கேட்ட ஆளையும் அப்படியே செய்து காட்டுவாள். அதைப் பார்க்கவேண்டும் என்று சினேகாவுக்கு ஆசையாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பைக் பழைய தெருவில் நின்றது. பழைய வீட்டுக்கு மஞ்சள் அடித்திருந்தார்கள். கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வாடகைக்கு வந்திருப்பதாக அப்பா சொல்லியிருந்தார். அறிவுச்செல்வன் தெருக்கோடியில் யாரோ "வாங்க சார்" என்றதைக் கேட்டு அங்கேயே தங்கிவிட்டார். சினேகா மட்டும் உள்ளே போனாள்.

மணிமொழி வீட்டு வாசலில் சாக்கை விரித்து மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். மணிமொழி, அவள் அம்மா, கூட அவள் வயதில் ஒரு பெண். கீழ்பென்னாத்தூர் வீட்டுப் பெண். அவளுடைய ஒரு கால் மணிமொழியின் மடிமேல் கிடந்தது. அது பாட்டுக்குக் கிடந்தது.

"யாரு, வேங்கிக்காலா!" சந்திரம்மாள் கையை உதறிக்கொண்டு எழுந்தாள். "வாடி என் தங்கம். இளைச்சிட்டியேடி. எங்கள நாய விட்டுக் கடிக்க வுட்டியே, இது உனக்கே நல்லாருக்குதா?" என்று சொல்லிக் கன்னத்தைக் கிள்ளினாள். பிறகு அந்தக் கதை முழுவதையும் சொன்னாள். எந்த வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள், எந்த வீட்டில் கேட்டுக்கு உள்ளே இருந்தே இல்லை என்றார்கள் என்று ஒவ்வொரு கேட்டாகச் சொன்னாள். "இவ என்னமோ, 'சினேகா கேக்கு வெட்டாம உக்காந்திருப்பா, இன்னும் ஒரு சந்து பாக்கலாம், இன்னும் ஒரு சந்து பாக்கலாம்'னு இஸ்துனே போறா. கால் வீங்கிப் போச்சி எனக்கு. உனக்குன்னு வேகவெச்சி எடுத்தாந்த மல்லாட்டய பஸ்ஸுல நாங்களே தின்னுட்டு வந்தோம். இரு, டீ வெக்கறேன்."

சந்திரம்மாள் உள்ளே போனாள். மணிமொழி இதுவரை தலை நிமிரவில்லை. இப்போது எழுந்து, மூலையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். முந்தானை இல்லாததால் சட்டை ஓரத்தால் அதைத் துடைத்தாள்.

"உக்காருங்க."

சினேகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரையோ செய்து காட்டுகிறாள் என்று நினைத்தாள். "இன்னாடி, உக்காருங்கன்ற?"

"வெளியூர்லேந்து வந்திருக்கீங்க."

கீழ்பென்னாத்தூர்ப் பெண் களுக்கென்று சிரித்தாள். மணிமொழி சிரிக்கவில்லை. சாக்கில் பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். நாற்காலி உயரமாக இருந்தது. அதில் உட்கார்ந்தால் அவர்கள் தலைக்கு மேலே பேச வேண்டும். உட்காராமல் நின்றாலும் அப்படித்தான். சினேகா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, எழுதி வைத்திருந்ததை ஒப்பித்தாள். சூரியன், சமையற்கட்டு, மூன்று மாடி, அம்மா. நடுவில் ஒரு இடத்தில் 'ஆக்சுவலி' வந்துவிட்டது. அதை முழுங்கப் பார்த்தாள். முடியவில்லை.

மணிமொழி கேட்டாள். உடைத்த கொட்டையை முறத்திலும் தோலைச் சாக்கிலும் போட்டபடியே முழுசாகக் கேட்டாள்.

"அது பரவால்லீங்க" என்றாள். "வழி எல்லாரும்தான் தப்பா சொல்வாங்க. நானுந்தான் மலையப் பாத்தேன், உங்களக் கேக்காம நடந்துட்டேன். அதுல எனக்கு ஒண்ணும் கோவம் இல்லீங்க."

"அப்புறம் ஏன்டி இப்பிடிப் பேசற?"

மணிமொழி ஒரு கொட்டையைக் கட்டைவிரலால் அழுத்தினாள். அது உடையவில்லை. பல்லால் கடித்தாள்.

"நாங்க தேடினு வந்தத சொல்லலாம்னுதான் போன் பண்ணேன். மூணு நாளு. நீங்க தூங்கினு இருந்தீங்க. நீங்களேதான் சொன்னீங்க, தூங்கறேன்னு. கேட்டுச்சி."

இதைச் சூரியன் மேல் போட முடியாது. கட்டடத்தின் மேலும் போட முடியாது. நாலாவது நாள் எடுத்திருப்பேன் என்று சொல்லலாமா என்று சினேகா பார்த்தாள். அதை மனசுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்ததும் அவளுக்கே வெட்கமாக இருந்தது. பிறந்த நாள் அன்று பத்மஜாவிடம் சொன்னது மணிமொழிக்குத் தெரியாது. தெரியாமலே இவ்வளவு என்றால், அதுவும் தெரிந்தால் என்ன ஆகும் என்று தோன்றியது. வாயைத் திறந்தால் அதுவும் வந்துவிடும் என்று பயந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

சந்திரம்மாள் டீ கொண்டுவந்தாள். சினேகா சுடச்சுடக் குடித்தாள். தெருக்கோடியில் அறிவுச்செல்வன் ஆரன் அடித்தார். "அதுக்குள்ளயா? சோறு துன்னுட்டுப் போவலாம்ல" என்றபடியே சந்திரம்மாள் ஒரு பையில் நாலு கை மல்லாட்டையை அள்ளிப் போட்டுக் கொடுத்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. அவளைப் பொறுத்தவரை நாய்க்கதையோடு எல்லாம் சிரித்துத் தீர்ந்துவிட்டது.

மணிமொழி, விருந்தாளியை வழியனுப்புகிறவர்கள் வருவது போல, படல் வரைக்கும் கூட வந்தாள். அவள் அதிலெல்லாம் குறைவைக்கிறவள் இல்லை.

"அடுத்த ஞாயித்துக்கெழம வாடி" என்றாள் சினேகா. "அப்பா வந்து இட்டுனு போவாரு. வழியே தேட வேணாம்."

"பாக்கலாங்க."

"வருவியா?"

"வேல இருக்கும்ங்க."

சினேகா அவள் முகத்தையே பார்த்தாள். இத்தனை வருடத்தில் மணிமொழி எத்தனையோ பேரைச் செய்து காட்டியிருக்கிறாள். எவ்வளவு நேரம் இழுத்தாலும் கடைசியில் உதட்டோரம் துடித்துச் சிரித்துவிடுவாள். சினேகா அதற்காகக் காத்திருந்தாள். அறிவுச்செல்வன் பைக்கைப் படலருகே கொண்டுவந்து நிறுத்தி இரண்டாம் முறை ஆரன் அடித்தார். உதடு துடிக்கவில்லை. அவள் யாரையும் செய்து காட்டவில்லை.

"பாத்துப் போங்க" என்றாள் மணிமொழி.

சினேகா பைக்கில் ஏறிப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். அறிவுச்செல்வன் உதைத்தார். வண்டி முதல் உதையில் கிளம்பவில்லை. அந்த இடைவெளியில் வாசலிலிருந்து குரல் கேட்டது.

"ஏய், வாடி! இன்னும் அரை மூட்ட கீது."

சினேகா "தோ வரேன்டி" என்று திரும்பிவிட்டாள். ஒரு கால் தரையில்கூட வைத்துவிட்டாள்.

கூப்பிட்டது கீழ்பென்னாத்தூர்ப் பெண். மணிமொழி படலைச் சாத்திவிட்டு அவளிடம் போய்க்கொண்டிருந்தாள்.

"இன்னா?" என்றார் அறிவுச்செல்வன், கழுத்தைத் திருப்பி.

"ஒண்ணும் இல்லப்பா" என்று சினேகா காலை எடுத்து மேலே வைத்துக்கொண்டாள்.